கோயில் சுவரோடு நின்ற சிவப்புக் கோடு

வைகாசி 5, திங்கள்

இந்த நோட்டு ஜெஸ்லின் மேடம் கொடுத்தது. போன வருஷத்து டைரி. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நம்ம மாசம் போட்டு எழுதுகிறேன். நான் நாள் முழுக்கப் பேசுகிறேனாம். "அத்தை, நீங்க பேசுறத எழுதினா ஒரு பீரோ நெறஞ்சிரும் பாத்துக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டே கையில் திணித்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மண்ணையும் தண்ணீரையும் படித்த இன்ஜினியர். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும் சாப்பிடும் முன் கண்மூடிக் கும்பிடுகிறார். அந்த ஒரு காரியத்துக்காகவே கூட ஒரு அப்பளம் வைப்பேன்.

என் பெயர் பூங்காவனம். ஊர் சிட்டந்தாங்கல். வயது ஐம்பத்தாறு, படிப்பு எட்டாவது. அம்மன் கோயில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக் குழுவுக்கு இருபத்திரண்டு வருஷமாக நான்தான் தலைவி. அந்தப் பதவியை யாரும் கேட்கவில்லை, நானும் விடவில்லை.

இப்போது பழைய குரோம் கம்பெனிக்குள் பதினான்கு பேருக்குச் சமைக்கிறேன். தோல் பதனிட மருந்து செய்த கம்பெனி. மூடி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கழிவு மட்டும் மேடாகக் கிடக்கிறது. இப்போதுதான் அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்து, மண்ணையும் அதற்கு அடியில் ஓடுகிற தண்ணீரையும் சுத்தம் பண்ண ஆள் அனுப்பியிருக்கிறது. இந்த வருஷத்தோடு வேலை முடிந்து மூட்டை கட்டிவிடுவார்களாம்.

இன்று கத்திரிக்காய்க் காரக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். பாத்திரம் மிச்சமில்லாமல் காலி.

வைகாசி 6, செவ்வாய்

டேங்கர் லாரியில் கரும்பு ஆலைப் பாகு வந்தது. கறுப்பாக, வெல்லம் காய்ச்சுகிற வாசனையோடு. அதைக் குழாய் விட்டுப் பூமிக்குள் இறக்குகிறார்கள்! குழிக்குக் குழி எறும்பு வரிசை. நான் வாயில் கை வைத்து நின்றேன்.

பூமியில் துளை போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிற சென்னியப்பன் திருச்செங்கோட்டுக்காரர். "ஏனுங்கத்தை, அப்படிப் பாக்கறீங்க? பூமித்தாய்க்குப் பாயசமுங்க" என்றார்.

"முந்திரி போட்டியா?" என்றேன்.

மேடம்தான் விளங்கச் சொன்னார். "மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்கு அத்தை. அதுங்க இந்தப் பாகைத் தின்னு பெருகும்போது, அந்த மஞ்ச வெஷம் பச்சையா மாறி மண்ணோட ஒட்டிக்கிடும். அப்புறம் தண்ணியில ஓடாது."

"மஞ்ச வெசமா?"

"ஆமா. தண்ணியே மஞ்சளாத் தெரிஞ்சா, அதுல வெஷம் நெறைய இருக்குன்னு அர்த்தம்."

"எப்டி மஞ்ச மேடம்? சாமந்தியாட்டமா, எலுமிச்சம்பயமாட்டமா?"

"எலுமிச்சம்பழம் மாதிரி."

சோறு வடிக்க வந்துவிட்டேன். சோறு குழைந்துவிட்டது. அடுப்பு சரியில்லை.

வைகாசி 7, புதன்

கோயில் தீர்த்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். மூன்று தடவை. அழுக்காக இருந்தது, வேறொன்றுமில்லை.

வைகாசி 9, வெள்ளி

எங்கள் கோயில் கிணற்றைப் பற்றி எழுதுகிறேன்.

கோயிலுக்கும் கம்பெனிக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் கழிவு மேடு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஆடி முதல் வெள்ளி. முந்தின நாள் நல்ல மழை. அபிஷேகத்துக்குத் தண்ணீர் சேந்தப் போனேன். வாளி மேலே வந்தது. தண்ணீர் மஞ்சள். யாரும் மஞ்சள் கரைக்கவில்லை. பளபளவென்று, சூரியன் பட்டால் கண் கூசுகிற மஞ்சள்.

"ஆத்தா மஞ்சத் தண்ணி ஆடிக்கினு கீறா!" என்று கத்தினேன். கத்தியது நான்தான். ஊர் ஓடிவந்தது. தேங்காய் உடைத்தார்கள், நான்கு பேருக்கு அருள் வந்தது. அடுத்த வருஷம் பக்கத்து ஊர்களிலிருந்து டிராக்டரில் வந்தார்கள். அம்மை போட்டால் அந்தத் தண்ணீர், கல்யாணம் தள்ளிப்போனால் அந்தத் தண்ணீர், குழந்தை தங்காவிட்டாலும் அந்தத் தண்ணீர். வாளியில் எடுத்து, சொம்பில் ஊற்றி, கையில் விடுகிறவள் நான்.

இன்று பூஜையில் குழாய்த் தண்ணீரில் துளசி போட்டுக் கொடுத்தேன். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

என் தம்பி பெண்டாட்டி நிர்மலா வழக்கம்போல் வரவில்லை. நாங்கள் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பதினேழு வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காதவள். சாமி இல்லாதவள் என்று வாரா வாரம் வெள்ளிக்கிழமை திட்டுவேன். இந்த வாரம் திட்டவில்லை. நாக்கில் புண்.

வைகாசி 12, திங்கள்

மேடத்தின் மேஜையில் வரைபடம் விரித்திருந்தது. காபி வைக்கப் போனபோது பார்த்தேன். கம்பெனியைச் சுற்றிச் சிவப்புக் கோடு. கோட்டுக்குள் இருப்பதைத்தான் சுத்தம் பண்ணுவார்கள். வடக்கே ஏரி வரை போகிறது. தெற்கே மட்டும் கோயில் சுவரோடு நின்றுவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் கிணறும், தெற்குத் தெருவின் நாற்பது வீட்டு போர்வெல் குழாய்களும்.

"இது ஏன் மேடம் இங்க நின்னுபோச்சி? தண்ணி செவுத்தப் பாத்து நின்னுக்குமா?"

மேடம் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். "எட்டு வருஷத்துக்கு முன்னால சர்வே பண்ணப்ப ஊர்லருந்து குடுத்த கடிதம். கோயில் கிணத்துத் தண்ணிய மனுஷங்க யாரும் குடிக்கல, கிணத்துல யாரும் கை வைக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கு. குடிக்கிறவங்க இல்லன்னா அந்தப் பக்கம் பாக்க வேண்டியதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. வேலை முடிஞ்சுட்டுன்னா இன்னொரு தடவ பணம் ஒதுக்க மாட்டாங்க அத்தை."

கடிதத்தின் அடியில் கையெழுத்து. பூ-வுக்கு மேலே சின்னச் சுழி போடுகிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு.

வைகாசி 13, செவ்வாய்

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். சென்னியப்பன் மோர் மட்டும் கேட்டார். தங்கமான மனுஷன்.

வைகாசி 16, வெள்ளி

பூஜை முடிந்ததும் தர்மகர்த்தா தாண்டவராயனிடம் போனேன். திருநீறு மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பூங்காவனம், கம்பெனியில சோறாக்கப் போனதும் கோயில் நெனப்பே பூட்ச்சா?"

"நெனப்பு இங்கதாண்ணா கீது. அந்த லெட்டர வாபஸ் வாங்கணும்."

"எந்த லெட்டரு?"

"நீங்க எய்தி நான் கையெய்த்துப் போட்டது. கெணத்துத் தண்ணிய ஆரும் குடிக்கிறதில்லன்னு."

அவர் மடிப்பதை நிறுத்தினார். "அன்னிக்கி இன்னா சொன்ன நீ? ஆத்தா தீர்த்தத்துல கம்பியும் ரப்பர் கொயாயும் வுடுவானுங்களான்னு குதிச்சது ஆரு? நானா?"

"நாந்தான். குதிச்ச காலுதான் இப்ப வலிக்குது."

"ஆடி மாசம் வருது. கெணறு வெசம்னு எய்திப்புட்டா ஒரு ஈ காக்கா வராது. ஆத்தா பேரு இன்னாவுறது?"

"ஆத்தா பேருக்கு ஒண்ணும் ஆவாது. ஊத்தனவன் கம்பெனிக்காரன். அதுக்கு ஆத்தா பேர வெச்சது நாம."

"நாம இல்ல, நீ."

அது சரிதான்.

"நாந்தான். அதாலதான் கேக்கறேன்."

"இதோட வுட்டுடு. இல்லன்னா கொயுவுலர்ந்து தூக்கிடுவேன்."

"தூக்குண்ணா. எம்பத்திரெண்டு கிலோ கீறேன், இடுப்பு புடிச்சிக்கப் போவுது."

வரும் வழியெல்லாம் நானே சிரித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு வரவில்லை.

வைகாசி 26, திங்கள்

போன வாரம் மேடம் ஒரு வழி சொன்னார். ஆனி பதினொன்றில் பள்ளிக்கூடத்தில் பொதுக் கூட்டம். அதிகாரி வருகிறார். "குடிச்சோம்னு ஆளே நேர்ல நின்னு சொல்லணும் அத்தை. எந்த வருஷம், எத்தன நாள், யார் யாருன்னு பேரோட. அதை அவர் பதிஞ்சிட்டார்னா கோட்டை நவுத்தித்தான் ஆகணும்."

வாரம் முழுக்கத் தெற்குத் தெருவில் ஏறி இறங்கினேன். எல்லோரும் என் கையால் தீர்த்தம் வாங்கியவர்கள். ரத்னா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அக்கா, எம் பொண்ணுக்கு இப்பதான் ஜாதகம் எடுத்துக்கீறோம். வெசத்தண்ணி குடிச்ச குடும்பம்னு பேர் எடுக்கச் சொல்றியா?"

"உன் வூட்டு போர்த் தண்ணியில துணி தொவச்சா கை இன்னா ஆவுதுன்னு காட்டுடி."

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "சோப்பு ஒத்துக்கல."

"முப்பது வருசமாவா ஒத்துக்கல?"

"நீதானக்கா ஊத்தன? இப்ப வந்து நீயே வெசம்னா, நாங்க யார நம்புறது?"

ஒன்பது வீடு ஏறினேன். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். வருகிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. ஒன்பது காபியில் ராத்திரிச் சோறு வேண்டியிருக்கவில்லை. நாளைக்கு ரசம்தான்.

ஆனி 6, வெள்ளி

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டதாகக் கோயில் கரும்பலகையில் எழுதியிருந்தது. "பூங்காவணம்" என்று எழுதியிருந்தார்கள். சாக்பீஸ் எடுத்துப் பெயரை மட்டும் திருத்திவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து விளக்கேற்றினேன். கடைசி வரிசை விளக்கு வேண்டாம் என்று ஆத்தா சொல்லவில்லை.

வீட்டில் நிர்மலா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"அண்ணி, ஒம்போது வூட்டுக்குப் போனீங்களாமே?"

"ஆமா."

"பத்தாவது வூடு ஒண்ணு வுட்டுட்டீங்க."

"எது?"

"இதுதான்."

அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் மூன்று மண்டலம். மண்டலத்துக்கு நாற்பத்தெட்டு நாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு. கடைசிச் சொட்டு இறங்குகிறவரை பக்கத்தில் நின்று பார்ப்பேன். கசக்கிறது அண்ணி என்பாள். நம்பிக் குடித்தால் கசக்காது என்பேன்.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

ஆனி 11, புதன்

கூட்டம். காலையிலேயே சமையலை முடித்து, லெமன் சாதம் கட்டி வைத்துவிட்டு, பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். எதற்குப் பட்டு என்று தம்பி கேட்டான். கோயிலில் பொய்க் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டபோதும் பட்டுதான் கட்டியிருந்தேன், உண்மைக்கு மட்டும் நூல் புடவையா என்று கேட்டேன். ஷூ கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தான்.

ஆறாம் வகுப்பு அறை. அதிகாரி கண்ணாடி போட்டவர், பேனா மூடியைக் கடிக்கிறவர். மேடம் ஓரத்தில் வரைபடத்தோடு நின்றிருந்தார். தெற்குத் தெரு முழுக்க வந்திருந்தது, வேடிக்கை பார்க்க.

முதலில் தாண்டவராயன் எழுந்தார். கிணறு தெய்வ காரியத்துக்கு மட்டுந்தான், மனிதர்கள் பயன்படுத்துவதில்லை, வெளியாள் யாரும் உள்ளே வரவேண்டியதில்லை என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். வேறு யாராவது என்று கேட்டார்.

எழுந்தேன். வாய்க்கு நடுக்கம் தெரியாது, அது என் பாக்கியம்.

"பூங்காவனம் சார். அந்த லெட்டர்ல கீற கையெய்த்து என்து. அது பொய். முப்பத்தோரு வருசமா அந்தத் தண்ணியக் குடிக்கறாங்க. குடுத்தவ நானு. வெள்ளிக்கெயம ஒரு எய்வது பேரு. ஆடியில ஆயிரம் பேரு. அம்ம போட்ட கொயந்தைக்கு வேப்பலையில தெளிச்சிக்கீறேன். புள்ள இல்லாதவங்களுக்கு மண்டலம் குடுத்துக்கீறேன்."

"யாருக்காவது பாதிப்பு வந்ததுன்னு டாக்டர் சர்டிபிகேட் இருக்காம்மா?"

"டாக்டரு இன்னா குடிச்சன்னு கேக்கல சார். நானும் சொல்லல. சாமி விசயம்னு வாய மூடிக்கினேன். என் ஆயுசுல நான் வாய மூடனது அந்த ஒரு தபாதான்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"பேரோட சொல்லணும்மா. யார் குடிச்சாங்க?"

எனக்குத் தெரிந்த முதல் பெயர் ஒன்றுதான். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாய் திறந்தபடி நின்றேன். தாண்டவராயன், "பாத்தீங்களா சார், ஆளே இல்ல. இந்தம்மாவுக்கும் எனக்கும் பதவித் தகராறு" என்றார்.

பின்னால் பெஞ்சு நகர்ந்தது.

"அண்ணி, ஒக்காருங்க."

நிர்மலா. காலையில் தம்பி கூப்பிட்டும் வரமாட்டேன் என்றவள். வீட்டுப் புடவையோடு, கையில் வாழைப்பூக் கறையோடு.

"என் பேரு நிர்மலா சார். மூணு மண்டலம் குடிச்சேன். வருசத்துக்கு ஒண்ணு. மூணு வருசமும் உண்டானேன். ஒண்ணு நாலாம் மாசம் போச்சி. ஒண்ணு ஆறாம் மாசம். ஒண்ணு முழுசா பொறந்துச்சி. அயுவல."

அதிகாரி மெதுவாகச் சொன்னார், "அது தண்ணியாலதான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா."

"நானும் சொல்லல சார். பாருங்கன்னு சொல்றேன். பதினேழு வருசமா ஆரும் பாக்கல."

அவர் பேனாவை எடுத்தார். "குழந்தைங்க பேர்?"

"வெக்கல. பேரு எய்துற எடத்துல வெறும் கோடு போட்டுடாதீங்க சார். பேரு வெக்கலன்னு எய்துங்க. மூணு தபா எய்துங்க."

எழுதினார். மூன்று தடவையும் பேனா நகர்வதைப் பார்த்தேன்.

அப்புறம் ரத்னா எழுந்தாள். கையிரண்டையும் நீட்டிக் காட்டினாள், பெண் கேட்டிருக்கிற வீட்டாரின் சொந்தம் ஒருத்தன் மூன்றாவது பெஞ்சில் இருக்கும்போதே. அவள் உட்காரும் முன் அவள் மாமியார். இருபத்தாறு பேர் பதிந்தார்கள். தாண்டவராயன் வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். அவர் பெண்டாட்டி பதினெட்டாவது ஆள்.

ஆனி 12, வியாழன்

நிர்மலா என்னிடம் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்க நான்கு தடவை சமையற்கட்டுக்குப் போனேன். நாலாவது தடவை, "அண்ணி, வழியில நிக்காதீங்க" என்றாள். அதுவே போதும் என்று வந்துவிட்டேன். போதாது.

ஆனி 24, செவ்வாய்

கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சோதித்தாகிவிட்டது. குடிதண்ணீரில் இருக்கலாம் என்று சொல்கிற அளவைப்போல் நூறு மடங்குக்கு மேல். தெற்குத் தெருவில் பதினோரு போர்வெல் குழாய்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். தினமும் லாரித் தண்ணீர் வருகிறது. வரைபடத்தில் கோடு சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வாய்க்கால் வரை போய்விட்டது. மேடம் அழி ரப்பரை என்னிடம் கொடுத்து, "பழைய கோட்டை நீங்களே அழிங்க அத்தை" என்றார். கம்ப்யூட்டரில் எப்போதோ அழித்துவிட்டார்களாம். இருந்தாலும் காகிதம் கிழிகிறவரை அழித்தேன்.

சாயங்காலம் ஆத்தாளிடம் சண்டை போட்டேன். நேராகவே கேட்டேன். உன் முன்னால்தானே ஒவ்வொரு வெள்ளியும் ஊற்றினேன், ஒரு தடவை சொம்பைத் தட்டிவிட்டிருக்கக் கூடாதா? நான் பைத்தியக்காரி, உனக்குமா தெரியாது?

கல்லாகவே நின்றாள். அப்போதுதான் காலடியைப் பார்த்தேன். அபிஷேகத் தண்ணீர் வழிந்த இடமெல்லாம் கல்லில் மஞ்சள் தடம். முப்பத்தொரு வருஷம் அவளையும் அதிலேதான் குளிப்பாட்டியிருக்கிறோம்.

வீட்டிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்துப்போய், ஐயர் வருவதற்குள் கழுவிவிட்டேன். தடம் போகவில்லை.

ஆடி 2, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கோயிலுக்குள் துளை போட்டுப் பாகு இறக்க வேண்டிய நாளும் இன்றுதான். தள்ளிப்போட்டால் ரிக் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

கேட் பூட்டியிருந்தது. சாவியோடு தாண்டவராயன் குறுக்கே நின்றார். தெருவே கூடிவிட்டது, பாதிப் பேர் கையில் பொங்கல் பானை.

"கோர்ட்டு ஆர்டர் கொண்டாந்தாலும் சரி. ஆடி வெள்ளியும் அதுவுமா பூட்ஸ் காலோட ஆத்தா வாசல்ல நொயைய வுட மாட்டேன்."

மேடம் தணிந்த குரலில், "அதுக்கென்ன ஐயா, கழட்டிடுதோம்" என்று குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். சென்னியப்பனும் ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

"கயட்டாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் பானை ஒன்று நழுவிற்று.

"மேடம், இந்த மண்ணு இன்னா மண்ணுன்னு எனக்குச் சொன்னது நீங்க. இதுல வெறுங்காலோட அடிப்பிரதட்சணம் பண்ணவங்க நாங்க. உருண்டவங்க நாங்க. அது எங்களோட போவட்டும். நீங்க பூட்ச இறுக்கிக் கட்டிக்கினு உள்ள வாங்க."

தாண்டவராயன் வாய் திறந்தார். அதற்குள் அவர் பெண்டாட்டி பானையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, அவர் கையிலிருந்த சாவியை வாங்கி ரத்னாவிடம் கொடுத்துவிட்டாள். கேட் திறந்தது.

"எனக்கொரு ஜோடி குடு" என்று சென்னியப்பனிடம் கேட்டேன். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். என் காலுக்கு இரண்டு அளவு பெரிசு. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆணியடிக்கிற மாதிரி தம் தம் என்று நடந்து போனேன். சன்னதிக்கு நேராக நின்றேன். பின்னால் ஊரே வாய் பிளந்து நிற்கிறது என்று முதுகுக்குத் தெரிந்தது.

பூட்ஸைக் கழற்றாமலே கை கூப்பினேன்.

பக்கத்தில் இன்னொரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. கையில் வாழைப்பூக் கறை இல்லை, புடவையும் புதுசு. நிர்மலா கும்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஆத்தாளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்னியப்பன் ரிக்கை ஓடவிட்டார். காலடியில் தரை அதிர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் நகரவில்லை.